சம்பந்தியம்மா குடிக்காத தேநீர்

என் வீட்டுக்காரர் எலியேசர் பிடித்த முயலுக்கு மூன்று கால். சில சமயம் முயலே இருக்காது, கால் மட்டும் மூன்று இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து இவரோடு மல்லுக்கு நின்று எனக்குப் பழகிவிட்டது. ஆனாலும் மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட இவர் அந்த மூன்று காலையும் விடமாட்டார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் ஒரே மகள் ஃபெபி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் காமிங்கைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று ஒருநாள் போனில் சொன்னாள். மலேசியாவில் ஈப்போ என்கிற ஊர், சீனப் பையன். கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையனே நேரில் வந்தான். அவன் ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவன் என்று தெரிந்ததும் இவர் பாதி மலை இறங்கினார். மதியம் அவன் மீன் குழம்பைச் சோற்றில் விட்டுக் கையாலேயே பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்து மீதியும் இறங்கினார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் நான் பதில் சொல்லாத வாசல் பாக்கியில்லை. ஒருவழியாக எல்லாம் கூடிவந்து, கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்துச் சபையறிய அறிவித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் நாங்களும் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் சொல்வோம்.

காமிங்குக்கு அப்பா இல்லை. அவன் கைப்பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா சோயாப் பால் கடை வைத்து அவனை வளர்த்திருக்கிறார். அந்த அம்மாதான் என் சம்பந்தியம்மா. அவர் வேதத்துக்கு வரவில்லை. வீட்டில் சாமி மாடமும் ஊதுபத்தியும் உண்டு, நாள் பார்க்கப் பஞ்சாங்கமும் உண்டு. ஆனால் மகனுக்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கோயிலில் கல்யாணமா, சரி. பாதிரியார் ஜெபமா, சரி. பெண்ணுக்கு வெள்ளைப் பட்டா, அதற்கும் சரி. அவர்கள் வழக்கத்தில் வெள்ளை என்றால் சாவு வீட்டு நிறம். அதையும் அந்த மனுஷி விழுங்கிக்கொண்டு சரி என்றதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஃபெபி அவருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மருமகள் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டுவாள். மாமியார் வாங்கிக் குடித்தால் அவள் அந்த வீட்டுப் பிள்ளை. குடிக்காவிட்டால் கோயிலில் எத்தனை மணி அடித்தாலும் அவர்கள் கணக்கில் கல்யாணம் ஆகவில்லை. காமிங் இதை வீடியோவில் விளக்கிச் சொன்னபோது இவர் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"டீ குடுக்கட்டும். ஒரு அண்டா டீ குடுக்கட்டும். முழங்கால் மட்டும் போட மாட்டா," என்றார் இவர்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இவருடைய கொள்ளுத்தாத்தா வேதத்துக்கு வந்த காலத்தில், ராதாபுரம் பக்கம் ஒரு பண்ணையார் முன்னால் மண்டியிட்டுக் கும்பிடச் சொன்னார்களாம். அதுவரைக்கும் எல்லோரும் அப்படித்தான் கும்பிட்டார்கள். இவர் கொள்ளுத்தாத்தா மட்டும், முழங்கால் இனிமேல் தேவனுக்குத்தான் என்று நின்றாராம். பனை மட்டையால் அடித்தும் அந்தக் கால் மடங்கவில்லையாம். இந்தக் கதையை நான் கிண்டல் பண்ண மாட்டேன். வேறு எதற்கும் இவரைக் கிண்டல் பண்ணலாம், இதற்கு மட்டும் மனசு வராது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் காலில் யாரும் விழுவது கிடையாது. முழங்கால் போடுவது என்றால் ஜெபம்.

ஆனால் எனக்கு என் கவலை. கல்யாணத்துக்குப் பிறகு ஃபெபி கோலாலம்பூரை விட்டு ஈப்போவில் அந்த அம்மாவோடுதான் இருக்கப் போகிறாள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கப் போகிறவரும், பிள்ளைப்பேறு பார்க்கப் போகிறவரும் அந்த அம்மாதான். கடல் தாண்டி இருக்கிற பெண்ணுக்கு மாமியாரும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் யார் இருக்கிறார்கள்? என் பிள்ளையை அந்த அம்மா தன் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கல்யாண வாரத்தில் ஃபெபியும் காமிங்கும் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். குட்டையான, உறுதியான மனுஷி. நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே பூக்கடைக்குப் போய், தானே பொறுக்கி எடுத்து, வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி மாலை கட்டி வாங்கி வந்திருந்தார். என் கை மொத்தத்துக்கு இருந்தது மாலை. வாசலில் வைத்து நான்தான் போட்டேன்.

சம்பந்தியம்மா பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். காமிங் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாலையைக் கழற்றினான். அவன் காதில் அம்மா ஏதோ சொன்னார். அவன் ஃபெபியிடம் இங்கிலீஷில் சொன்னான். ஃபெபி என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அம்மா, அவங்க ஊர்ல செவ்வந்திப் பூவ செத்தவங்களுக்குத்தான் போடுவாவளாம்."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஆசை ஆசையாக மாலை போட்டு, வந்து இறங்கிய சம்பந்தியை வாசலிலேயே பிணமாக்கிவிட்டேன். சம்பந்தியம்மா குழாயடியில் முகத்தையும் கழுத்தையும் கழுவிக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோல் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். அப்படித் தட்டிக் கொடுத்தது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தார். பெட்டியிலிருந்து சிவப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்துகளை எடுத்து ஒவ்வொரு கதவிலும் ஒட்டினார். தம்பதி சேர்ந்து மகிழ்ந்திருக்க வேண்டும் என்று அர்த்தமாம். கத்தரிக்கோல் பிடித்து அவரே வெட்டியது. எங்கள் வசனக் காலண்டர் பக்கத்திலும் ஒன்றை ஒட்டினார். இவர் அதைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மந்திரம் கிந்திரம் இல்லியே?"

"செவ்வாக்கிழமைன்னா முடி வெட்டப் போக மாட்டிய. நீங்க மந்திரத்தப் பத்திக் கேக்கியளாக்கும்," என்றேன். இவர் கண்ணாடியைக் கூட்டில் போட்டு மூடினார்.

அடுப்படியில் எங்கள் இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. நான் இஞ்சி தட்டுவதைப் பார்த்ததும் அவர் அம்மியை வாங்கிக்கொண்டார். நல்லெண்ணெய்ப் பாத்திரத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எது சூடு, எது குளிர்ச்சி, குளித்த தலையோடு காற்றில் நிற்கக்கூடாது என்பதெல்லாம் எனக்கும் அவருக்கும் ஒரே பாடம். நாள் முழுக்க வெந்நீர் குடித்தார். முதல் நாள் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் நெற்றியைத் திருப்பித் தொட்டுப் பார்த்தார்.

சோறு சாப்பிட்டார், இட்லி சாப்பிட்டார், கருவாடுகூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேநீர் மட்டும் குடிக்கவில்லை. நான் எப்போது கொண்டுபோய் வைத்தாலும் உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடி, சிரித்து, தள்ளி வைத்துவிடுவார்.

"அம்மா முதல் டீ ஃபெபி கையாலதான் குடிப்பாங்க அத்தை. அதுவரைக்கும் வேணாம்னு சொல்றாங்க," என்றான் காமிங். அவனுக்கு ஈப்போவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தமிழர்கள். கொஞ்சம் தமிழ் வரும்.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் உறவு உறுதி. இந்த அம்மா சோற்றில் கையை நனைத்துவிட்டார், ஆனால் அவருக்குக் கை நனைப்பது சோற்றில் இல்லை. சம்பந்தியம்மா என் வீட்டில் இருந்துகொண்டே இன்னும் என் வீட்டுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலமே இவரிடம் சொன்னேன்.

"அவிய இன்னும் நம்ம வீட்ல கை நனைக்கல, தெரியுமா? டம்ளர மூடி மூடி வைக்காவ."

"நான் என்ன குடிக்காதீயன்னா சொன்னேன்?"

"ஒரு நிமிசம் முழங்கால் போட்டா என்ன கொறஞ்சிரும்? பையனும் சேந்துதான போடுதான்?"

"பையன் அவன் அம்மாவுக்குப் போடுதான். அது அவன் பாடு. எம் பொண்ணு எந்த மனுசருக்கும் போட மாட்டா. அடி வாங்கின காலாக்கும் இது," என்று தொடையைத் தட்டிக் காட்டினார். அடி வாங்கியது அந்தக் கால் இல்லைதான். அந்த நேரத்தில் அதை நான் சொல்லவில்லை.

ஃபெபி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போடுவேன் அப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல," என்று முன்னால் வந்தாள்.

இவர் அவளை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: "போடு. ஆனா மறுநாளு உன் கையப் பிடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டு வர வேற யாரையாவது பாத்துக்கோ."

ஃபெபிக்குக் கண் நிறைந்துவிட்டது. சிறுவயதிலிருந்தே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குள் நடக்கிற கனவு அவளுக்கு. பொம்மைக் கல்யாணத்தில்கூட அப்பா பொம்மை ஒன்று வைத்திருப்பாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை ஓங்கித் தரையில் போட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான். தேநீர் கொடுத்தால் அப்பா இல்லை. அப்பா வேண்டும் என்றால் மாமியார் இல்லை.

காமிங்தான் ஒரு வழி சொன்னான். ஃபெபி நின்றபடியே குனிந்து கிண்ணத்தைக் கொடுக்கட்டும், அவன் மட்டும் முழங்காலில் நிற்பான் என்றான். இவர் அரை மனசாகத் தலையாட்டினார். சம்பந்தியம்மாவிடம் அவன் சீனத்தில் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டிக் காலையில் எந்த நேரம் நல்ல நேரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, கிண்ணங்களைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கோ, எல்லோர் முன்னாலும் அந்த உள்ளங்கை கிண்ணத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிடுமோ என்று ஒரே பயம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தது. கூடத்தில் பத்தமடைப் பாயை விரித்தோம். சிவப்புச் சாயம் போட்ட கோரைப் பாய். சம்பந்தியம்மா அந்தச் சிவப்பைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். எங்கள் பக்கத்தில் கொஞ்சம் உறவுக்காரர்கள் மட்டும் சுவரோரமாக இருந்தார்கள். தட்டில் நான்கைந்து சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் தேநீரில் ஒரு சிவந்த உலர்ந்த பழம் மிதந்தது. பார்ப்பதற்கு நம் இலந்தைப் பழம் மாதிரி இருந்தது.

எல்லாம் தயாராகும் நேரத்தில் ஏரலிலிருந்து ஸ்டெல்லா மதினி வந்து சேர்ந்தார்கள். இவருடைய அக்கா. காது மந்தம், குரல் மட்டும் கோயில் மணி. தேநீர்ப் பஞ்சாயத்து எதுவும் மதினிக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, கால் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பெண் வீட்டில் முதல் மரியாதை பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தானாம். காமிங் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இவர் முன்னால் வந்தான். இவர் பெருமையாகத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே கொடுப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. காமிங் பாயில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டி, "மாமா, டீ குடிங்க," என்றான்.

இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கினால், ஒரு மனிதன் தனக்கு முன்னால் மண்டியிட்டதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பண்ணையார் நாற்காலியில் தானே உட்கார்ந்த மாதிரி. வாங்காவிட்டால் மாப்பிள்ளைக்கு அவமானம். நெற்றியில் வேர்த்துவிட்டது.

அந்த நேரத்தில் ஸ்டெல்லா மதினி பார்த்தார்கள். இந்தக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த மதினிக்கு, ஒருவர் முழங்காலில் நின்றால் ஒரே அர்த்தம்தான். "தம்பி முழங்கால் போட்டுட்டாரே, இன்னும் என்ன பாத்துட்டு இருக்கிய? எல்லாரும் முழங்கால் படியிடுங்க, ஜெபம் பண்ணுவோம்! ஏல எலியேசரு, நீ ஜெபம் பண்ணு!" என்று கூடம் அதிரச் சொல்லிவிட்டு, தானே முதலில் முழங்காலில் நின்றார்கள்.

சுவரோரம் இருந்தவர்கள் அத்தனை பேரும் மடமடவென்று முழங்காலில் விழுந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு இதில் யோசனையே கிடையாது. சொன்னால் கால் தானாக மடங்கும். நானும் மடக்கினேன். இவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை விட்டு இறங்கி, காமிங்குக்கு நேர் எதிரே பாயில் முழங்காலில் நின்று, கையைக் கூப்பிக்கொண்டார். "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்தார். காமிங் நீட்டிய கிண்ணம் நீட்டியபடியே இருந்தது.

"ஐயோ!"

கத்தியது சம்பந்தியம்மா. சீனத்திலும் ஐயோ ஐயோதான் போலிருக்கிறது. பெரியவர் ஒருவர் சிறியவன் முன்னால் மண்டியிட்டால் சிறியவனுக்கு ஆயுசு குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகுதான் காமிங் சொன்னான். சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்கும், நம் ஊரிலும் அதே பேச்சு உண்டு. ஒரே மகன் முன்னால், அதுவும் நாளைக்குக் கல்யாணம் என்கிற நிலையில், சம்பந்தி மண்டியிட்டு நிற்கிறார். பெற்ற வயிறு பதறாதா? நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்து இவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். ஜெபத்தில் இறங்கிவிட்ட எலியேசரை எழுப்ப ஆனை வந்தாலும் முடியாது. சம்பந்தியம்மா ஒரு கணம் திகைத்தார். சட்டென்று மகனை ஒரு தள்ளு தள்ளி ஓரமாக்கிவிட்டு, அவன் இருந்த இடத்தில் தானே முழங்காலில் நின்றார். பெரியவருக்கு எதிரே பெரியவர். இப்போது யாருக்கும் ஆயுசு குறையாது.

கண்ணை மூடு என்றால் நான் ஒரு கண்ணைத்தான் மூடுவேன், அடுப்படிக்காரிக்கு அவ்வளவுதான் முடியும். மற்றக் கண்ணால் பார்த்தேன். மொத்தக் கூடத்திலும் ஃபெபி மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். போடட்டுமா வேண்டாமா என்று முகமெல்லாம் கேள்வி. மதினி அவள் சேலைக் கொசுவத்தைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஏட்டி, ஜெபம் நடக்குல்லா? நட்டுக்கிட்டு நிக்குத! முழங்கால் போடு!"

ஃபெபி முழங்கால் போட்டாள். மாமியாருக்குப் பக்கத்தில், தட்டோடு.

இவர் ஜெபம் வழக்கமாக ஆதாமில் தொடங்கும். அன்றைக்கு எப்படியோ நேராக விஷயத்துக்கு வந்தார். "தகப்பன் இல்லாத இந்தப் பிள்ளையை ஒற்றை ஆளாக நின்று வளர்த்த தாய்க்காக உமக்கு ஸ்தோத்திரம். இவர்கள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியதை நீர் பார்த்தீர். மகன் பசியாற இவர்கள் பசித்திருந்ததை நீர் பார்த்தீர். யாரும் இவர்களுக்கு நன்றி சொல்லாமல் போயிருக்கலாம். நாங்கள் சொல்லுகிறோம், ஆண்டவரே. இப்படி ஒரு பிள்ளையை எங்களுக்குத் தந்த இந்தத் தாய்க்கு நாங்கள் நன்றி சொல்லுகிறோம்," என்றார்.

ஃபெபி அதை இங்கிலீஷில் முணுமுணுத்தாள். காமிங் அதைச் சீனத்தில் அம்மா காதில் முணுமுணுத்தான். பாதியில் அவனால் முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னான்.

தேநீர் சடங்கில் பிள்ளைகள் பெற்றவர்களுக்குச் சொல்வது அந்த நன்றியைத்தான் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அந்த அம்மா அதைத்தான் கேட்டிருந்தார், முழங்காலை இல்லை. அதை என் வீட்டுக்காரர், யாரிடமும் லேசில் நன்றி சொல்லாத மனுஷன், முழங்காலில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை.

ஃபெபி தட்டைக் கீழே வைத்தாள். ஒரு கிண்ணத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். சம்பந்தியம்மாவின் உள்ளங்கை கிண்ணத்தை நோக்கிப் போனது. நான் மூடியிருந்த கண்ணையும் திறந்துவிட்டேன்.

கை கிண்ணத்தை மூடவில்லை. வாங்கிக்கொண்டது. சம்பந்தியம்மா குடித்தார். ஒரே மடக்கில் இல்லை, நிதானமாக, ஊதி ஊதிக் குடித்தார். பழத்தையும் வாயில் போட்டு மென்றார், கொட்டையைக் கையில் துப்பி வைத்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை நிறுத்தி ஃபெபியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தார். இவருடைய ஜெபமோ முடிகிற மாதிரி இல்லை. வியாதியஸ்தர்களுக்குப் போனது, மழைக்குப் போனது, ஆற்றுப் பாசனத்துக்குப் போனது, அங்கிருந்து ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்கிறவர்களுக்குப் போனது. சுவரோரத்தில் யாரோ முழங்கால் வலியில் பெருமூச்சு விட்டார்கள். சம்பந்தியம்மா கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தட்டில் வைத்தார்.

"ஆமென்," என்றார் இவர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாறையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாற்போல் இருந்தது. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், சம்பந்தியம்மாவால் எழ முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. நானும் இவரும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கினோம். அவர் எழுந்து நின்று, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து அப்படி அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் ஸ்டெல்லா மதினியும் சிரித்தார்கள்.

சம்பந்தியம்மா இடுப்பில் செருகியிருந்த சிவப்புப் பையிலிருந்து ஒரு பச்சைக்கல் வளையலை எடுத்து ஃபெபியின் கையில் மாட்டினார். எதையோ சொன்னார். காமிங் தமிழிலேயே சொன்னான்: "அம்மா 'என் பொண்ணு'ன்னு சொல்றாங்க." நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். அங்கே போய் நன்றாக அழுதுவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்டு எங்கள் வீட்டுப் பால் தேநீர் வைத்துக் கொண்டுவந்தேன். சம்பந்தியம்மா டம்ளரை மூடவில்லை. குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அவர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காமிங் நீட்டிய கிண்ணத்தை இவர் ஒருவழியாக வாங்கிக் குடித்தார். ஆறி அவலாகிப் போயிருந்தது. "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

சாயங்காலம் எல்லோரும் பந்தலைப் பார்க்கப் போனபோது, இவர் கூடத்தில் உட்கார்ந்து நாளைக்குப் போட வேண்டிய செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போய்விட்டது, பேசாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் எனக்குக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. நாளைக் காலையில் கோயில் வாசலில் வைத்து இவர் மறுபடி முயலைப் பிடித்தால் என்ன செய்வது?

"ஏங்க, நாளைக்கு ஃபெபி கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போவியளா?"

"பின்ன? நான் இல்லாம யாரு போவா?"

"இல்ல, அவ இன்னிக்கு முழங்கால் போட்டால்லா..."

"ஜெபத்துக்குப் போட்டா. எல்லாருந்தான் போட்டாவ."

"டீயும் அப்பந்தான் குடுத்தா. ஒங்களுக்குத் தெரியாது, நீங்க கண்ண மூடிட்டு இருந்திய."

இவர் செருப்பைத் தேய்ப்பதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, பைய, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னார்.

"எவன் கண்ண மூடினான்? அவிய குடிச்சு முடிக்கட்டும்னுதான ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டு வந்தேன்."